காதல் மன்னனும் ஒரு குண்டுவீச்சும்

தி.நகர் ஹபிபுல்லா சாலை. நடிகையர் திலகம் சாவித்திரி வாழ்ந்த தெரு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு விமானப்படைக் கதை ஞாபகத்துக்கு வரும். சாவித்திரிக்கும் விமானப்படைக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

1940. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கணேசன் என்ற இளைஞருக்கு அலமேலுவுடன் கல்யாணம். டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன் என்றிருந்த மாமனார், கல்யாணமான சில வாரங்களிலேயே காலமாகிவிட்டார். டாக்டர் கனவு போச்சு. குடும்பத்துக்குச் சம்பாத்தியம் வேண்டும். மனைவிக்கு இஷ்டமில்லை என்றாலும் டெல்லிக்குப் போய் விமானப்படை இன்டர்வியூவில் உட்கார்ந்தார். தேர்வும் ஆகிவிட்டார்! அங்கே இருந்த உறவினர் ஒருவர்தான், ‘வாத்தியார் வேலைக்குப் போயேன்’ என்று யோசனை சொன்னார். கணேசன் திரும்பி வந்து, படித்த கல்லூரியிலேயே வேதியியல் பாடம் நடத்தினார்.

போடாமல் விட்ட அந்த யூனிஃபார்மை, ஜெமினி கணேசனாகி 1962 பொங்கலுக்குப் போட்டுக்கொண்டார். ஏவி.எம்.மின் ‘பார்த்தால் பசி தீரும்’. டைரக்டர் பீம்சிங். உலகப் போர்க் காலத்து விமானப்படை நண்பர்களாக சிவாஜியும் ஜெமினியும். போர்முனையில் சாவித்திரியைக் காதலித்து மணக்கிறார் ஜெமினி. குண்டுவீச்சில் அவர் இறந்துவிட்டதாக நம்பி, ஊர் திரும்பி சௌகார் ஜானகிக்குக் கணவராகிறார். சாவித்திரியோ சாகவில்லை. பார்வை போய், கையில் ஒரு பிள்ளையோடு நிற்கிறார். உண்மை தெரிந்த சிவாஜியால் வாய் திறக்க முடியவில்லை. ஏனென்றால், சௌகாருக்கு இதய நோய். பழியை அவரே சுமக்கிறார். இரண்டு வீட்டுப் பிள்ளையாகவும் ஏழு வயதுக் கமல்!

கவனித்தீர்களா? ஒரு மனிதருக்கு இரண்டு மனைவிகள். ஆனால், தியேட்டரில் யாரும் ஜெமினியைக் கோபித்துக்கொள்ளவில்லை. குற்றம் முழுவதையும் அந்தக் குண்டு வாங்கிக்கொண்டது.

நிஜத்தில்? 1952-ல் சாவித்திரியை ஜெமினி மணந்தபோது வீட்டில் அலமேலு இருந்தார். எந்த ஊரிலும் குண்டு விழவில்லை. யார் மீதும் பழியைப் போட முடியாத கதை அது. அதன் கணக்கைப் பெண்கள்தான் தீர்த்தார்கள். பல மாதங்கள் கோமாவில் கிடந்து, 1981 டிசம்பரில் சாவித்திரி போய்ச் சேர்ந்தார்.

அடுத்த தடவை டி.வி.யில் அந்தப் படம் வந்தால், யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேரையும் கொஞ்சம் மறந்துவிட்டு, சாவித்திரியையும் சௌகாரையும் பாருங்கள். போருக்கே போகாத அந்த இரண்டு பேர்மீதுதான் குண்டு விழுந்திருக்கிறது.