என்கோடருக்குள் கிடக்கும் பழைய கணக்குகள்

கல்யாணத்தில் லைவ் போட வருகிற பையன்களின் லேப்டாப்பில் நான் முதலில் எட்டிப் பார்ப்பது பிரேம் ரேட் கட்டத்தை. பெரும்பாலும் 30 என்று இருக்கும். ஏன் தம்பி என்றால், யூடியூப்பில் ஒருத்தர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். அந்த ஒருத்தர் அமெரிக்காவில் இருப்பவர். அவர் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று, கும்பகோணத்தில் 50. நம் மண்டபத்துப் பழைய டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. அதை 30 பிரேமில் கண்டபடி பிடித்தால் மணமேடைக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 25 வைத்து, ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்காக்கினால் அடங்கிவிடும்.

தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் படத்தின் ஓட்டத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் சுற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். இல்லாவிட்டால் மின்சாரத்தின் இரைச்சல் திரையில் பட்டையாக ஊர்ந்துகொண்டே இருந்திருக்கும். ஐரோப்பாவுக்கு 25, அமெரிக்காவுக்கு 30. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் ஒளிபரப்பு ஆரம்பித்தபோது நாம் எடுத்துக்கொண்டது 625 கோடு, 25 பிரேம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் வந்ததும் அதே கணக்கில். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணம் வந்தபோதும் மாறவில்லை. விஎச்எஸ் கேசட்டில் கல்யாணம் எடுத்த நாட்களில் இந்த எண்ணைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. கேமராவிலேயே அது அடங்கியிருந்தது.

அமெரிக்கா 30இலும் நிற்கவில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1953இல் வண்ணத்தைச் செருகினார்கள். வண்ணத்தின் அலையும் ஒலியின் அலையும் உரசிப் படம் கெடாமல் இருக்க, வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அப்படிப் பிறந்தது 29.97. அந்தப் பெட்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. என்கோடர் பட்டியலில் அந்தப் பின்னம் மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

படத்தைச் சுருக்கும் வித்தைக்கு வேறொரு வழியில் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. பெங்களூரில் பிறந்து கான்சாஸில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, படத்தைக் கொசைன் அலைகளாகப் பிரித்தால் கண்ணுக்குத் தெரியாததை உதறிவிடலாம் என்று 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருத்துச் சொன்னதாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். சம்பளம் இல்லாத கோடை விடுமுறையில் தன் மாணவர் நடராஜனோடு உட்கார்ந்து வேலையை முடித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே.ஆர்.ராவும் சேர்ந்துகொள்ள, 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. இன்று ஜேபெக் படத்திலிருந்து லைவ் வரை அந்த எளிமையான யோசனையின் மேல்தான் ஓடுகிறது.

அதை வீடியோவுக்குப் பழக்கியது எச்.261 என்ற 1990ஆம் ஆண்டுத் தரநிர்ணயம். படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டு, முந்தின பிரேமோடு ஒப்பிடு, மாறியதை மட்டும் அனுப்பு. (1080 என்ற உயரம் 16ஆல் வகுபடாது. எச்.264 உள்ளுக்குள் 1088 வரியாக வைத்துக்கொண்டு எட்டு வரியை மறைத்துவிடும்.) இது செய்யப்பட்டது வீடியோ தொலைபேசிக்காக, 64 கிலோபிட்டின் மடங்குகளில் ஓடிய கம்பிக்காக. மேசைக்கு முன்னால் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்து பேசுவார், உதடு அசையும், சுவர் அசையாது. 2003இல் வந்து இன்றும் லைவ்வில் கோலோச்சும் எச்.264 எவ்வளவோ கெட்டிக்காரப் பிள்ளை. ஆனாலும் அடுத்த பிரேம் முந்தின பிரேமைப் போலத்தான் இருக்கும் என்ற குடும்ப நம்பிக்கை அதற்கும் உண்டு.

முகூர்த்தத்தில் அந்த நம்பிக்கை உடையும். பெரியவர் விரலை ஆட்டுகிறார். கெட்டி மேளம். நாலா பக்கமும் அட்சதை பறக்கிறது, போட்டோகிராபர்களின் பிளாஷ் வெட்டுகிறது, எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்கிறார்கள், பட்டுச் சரிகை ஒவ்வொன்றும் வேறு பக்கம் மின்னுகிறது. முந்தின பிரேமிலிருந்து கடன் வாங்க என்கோடருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று மணி நேரம் கண்ணாடி மாதிரி ஓடிய படம், ஊரே பார்க்க உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து வினாடியில் கட்டம் கட்டமாகச் சிதறும். ஆகவே என் திட்டம் எப்போதும் அந்தப் பத்து வினாடிக்கானது. மண்டபத்து அப்லோடை முதல் நாளே அளந்து, அதில் பாதிக்கு மேல் கேட்க மாட்டேன். 8 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் 1080, 25 பிரேம், 4 மெகாபிட். 4தான் கிடைக்கிறது என்றால் கௌரவம் பார்க்காமல் 720க்கு இறங்கிவிடுவேன். 1080 என்று பத்திரிகையில் அச்சடித்துவிட்டோமே என்று பெண் வீட்டார் முறைப்பார்கள்; முறைக்கட்டும்.

ஒலியில் இரண்டு எண்கள் சண்டை போடும்: 44.1, 48 கிலோஹெர்ட்ஸ். டிஜிட்டல் ஒலியைப் பதிய எழுபதுகளின் இறுதியில் கைக்கு எட்டியது வீடியோ டேப் ரெக்கார்டர்தான். ஒரு கோட்டுக்கு மூன்று மாதிரி என்று எழுதினார்கள். அமெரிக்கக் கணக்கில் 245 கோடு, 60 அரைப்படம். ஐரோப்பியக் கணக்கில் 294 கோடு, 50 அரைப்படம். எப்படிப் பெருக்கினாலும் 44,100. 1982இல் வந்த சிடி அதையே எடுத்துக்கொண்டது. ஆனால் சினிமாவின் 24 பிரேமில் அதை வகுத்தால் 1837.5 என்று அரை மிஞ்சும். 48,000 என்றால் 24க்கு 2000, 25க்கு 1920, 30க்கு 1600. வீடியோக்காரர்கள் 48 பக்கம் போனது இதனால்தான். மிக்ஸர், கேப்சர் கார்டு, என்கோடர் மூன்றிலும் 48 இருக்கிறதா என்று நான் தனித்தனியாகப் பார்ப்பேன்.

2020 மார்கழியில் கச்சேரிகள் இணையத்துக்குப் போனபோது மண்டபத்துக்காரர்களான எங்களுக்கும் சிறு சபா வேலைகள் வந்தன. அப்போதுதான் காது வைத்துக் கேட்க ஆரம்பித்தேன். குறைந்த பிட்ரேட்டில் மிருதங்கத்தின் 'தீம்' விழுவதற்கு ஒரு நொடித்துளி முன்னாலேயே அதன் தூசு மாதிரி ஒரு சத்தம் வரும். ஏஏசி என்ற சுருக்கும் முறை ஒலியை 1024 மாதிரிகள் கொண்ட பொட்டலங்களாகக் கட்டுகிறது. பொட்டலத்தின் நடுவில் திடீரென்று அடி விழுந்தால், சுருக்கியதில் வந்த பிழை பொட்டலம் முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலும் தெறிக்கும். இதைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டிய ஐரோப்பியர்கள் சோதனைக்கு வைத்துக்கொண்டது ஸ்பெயின் நாட்டின் காஸ்டனெட் என்ற தட்டுக் கருவியை. அடி வரும்போது பொட்டலத்தை எட்டாக உடைத்துவிடுவது அவர்கள் வழி. அது மிருதங்கத்துக்கும் கேட்கிறது, ஆனால் கூடுதல் பிட் கேட்கிறது. பேச்சுக்கு 96 கிலோபிட் போதும்; கச்சேரிக்கு 192க்குக் கீழே நான் இறங்குவதில்லை. தம்புரா விஷயம் இன்னும் மோசம். மாறாமல் ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்று நினைக்கிற நாய்ஸ் சப்ரஷன் அதை மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துத் துடைத்துவிடும். பாடகர் அந்தரத்தில் நின்று பாடுவார். கச்சேரி என்றால் அந்தப் பொத்தானை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

இணையத்தில் நேரலைக் கச்சேரி என்பதே 1993 ஜூன் 24 அன்று கலிஃபோர்னியாவில், கம்ப்யூட்டர் ஆட்களே நடத்திய 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற ராக் குழுவோடு ஆரம்பித்த சமாசாரம். படம் 152க்கு 76 புள்ளி. நாம் இன்று மண்டபத்திலிருந்து அனுப்பும் ஆர்டிஎம்பி, ஃபிளாஷுக்காக மேக்ரோமீடியா செய்த வழி. ஃபிளாஷ் 2020 கடைசி நாளோடு ஆதரவை இழந்தது, ஆர்டிஎம்பி சாகவில்லை. 2009இல் ஆப்பிள், ஓடும் படத்தைச் சாதாரணக் கோப்புகளாக நறுக்கி அனுப்பும் எச்எல்எஸ் முறையைக் கொண்டுவந்தது. துண்டு ஒன்று 10 வினாடி. மூன்று துண்டாவது கையில் சேர்ந்த பின்தான் போன் ஓட்ட ஆரம்பிக்கும். டொராண்டோ சித்தப்பாவின் திரையில் மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டிருக்கையில், போனில் அத்தை தாலி கட்டியாயிற்று என்று அழுதது இதனால்தான். பிறகு துண்டு 6 வினாடியாயிற்று. ஒவ்வொரு துண்டும் முழுப்படமான கீஃப்ரேமில் தொடங்க வேண்டும். 10க்கும் 6க்கும் பொருந்துகிற 2 வினாடியைக் கீஃப்ரேம் கட்டத்தில் போடுங்கள். 25 பிரேமில் அது 50.

கேப்ஷன் கட்டத்தை நம் ஊரில் யாரும் திறப்பதில்லை. அதன் கதை 1972இல், பாஸ்டன் டபிள்யூஜிபிஎச் நிலையம் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எழுத்தோடு காட்டியதில் தொடங்குகிறது. வேண்டியவருக்கு மட்டும் எழுத்து தெரியும் ஏற்பாடு 1980 மார்ச் 16 அன்று வந்தது. 525 கோடுகளில் திரைக்கு மேலே மறைந்திருக்கும் 21ஆவது கோட்டில் பிரேமுக்கு இரண்டு பைட் ஒளித்து வைத்தார்கள். வரிக்கு 32 எழுத்து. 1993 ஜூலை முதல் 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள எல்லாப் பெட்டியிலும் அதைப் படிக்கும் சில்லு இருந்தாக வேண்டும் என்று அங்கே சட்டம். இன்றைய ஸ்ட்ரீமில் 21ஆவது கோடும் இல்லை, மறைந்த கோடும் இல்லை. ஆனாலும் அதே இரண்டு பைட் எச்.264 படத்தின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. 608 என்பது அதன் பெயர்.

அந்த எழுத்துப் பட்டியலில் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு உண்டு, தமிழ் கிடையாது. யூனிகோடில் 'கி' ஒன்றுக்கே ஆறு பைட் வேண்டும். 608 என்று தேர்ந்து தமிழைத் தட்டினால் என்கோடர் பிழை காட்டாது. பார்ப்பவர் திரையில் ஒன்றும் வராது, அல்லது குப்பை வரும். நமக்கு வழி, 2010இல் முளைத்து யூனிகோடை ஏற்கும் வெப்விடிடி. படத்துக்குள் புதைக்காமல் தனிக் கோப்பாகப் போகும். பார்ப்பவர் போனில் தமிழ் எழுத்துரு இருந்தால் தெரியும். காது கேளாத உறவினர் இருக்கும் வீட்டார் கேட்டால் இதைத்தான் போடுகிறேன். தமிழ்99 பலகையில் விரைவாகத் தட்டும் ஒருவரை மைக் சத்தம் நேராகக் கேட்கும் இடத்தில் உட்காரவைத்து, இரு வீட்டாரின் பெயர், கோத்திரம், ஊர் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே வாங்கிக் கொடுத்துவிடுவேன். மந்திரத்தை அவர் எழுத வேண்டாம். யார் பேசுகிறார், என்ன சடங்கு நடக்கிறது என்பது போதும். வரிக்கு நான்கு சொல், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். ஐந்தாவது சொல் சின்ன போன் திரையில் மடிந்து மணமக்கள் முகத்தில் ஏறும்.