தென்கிழக்கு பார்த்த கம்பம்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களின் எண்பதுகளை எழுதப் புகுபவர்கள் பஞ்சம், படகு, பனை என்று தொடங்குவதே வழக்கம். நாங்கள் ஓட்டுக்கூரைகளின்மேல் நின்ற அலுமினியக் கம்பங்களிலிருந்து தொடங்க விரும்புகிறோம். தோற்றத்தில் மீன் முள்ளை ஒத்த அந்த ஆண்டெனாக்கள் ஒரு பத்தாண்டுக் காலம் எங்கள் பகுதியில் ஒரே திசையைப் பார்த்து நின்றன. அது டெல்லியின் திசையும் அன்று, சென்னையின் திசையும் அன்று.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து அது நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம் செயற்கைக்கோள் வழியாக 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுசென்ற 'சைட்' சோதனையின் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆக, நமக்கு அரசு தந்த தொலைக்காட்சி நெடுங்காலம் செய்தித்தாளில் படித்த செய்தியாகவே இருந்தது. இந்த இடைவெளியில்தான் இலங்கையில் 1979இல் ஐ.டி.என். நிலையமும், 1982 பிப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாகினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரூபவாகினியின் முதன்மை அஞ்சல் நிலையம் பீதுறுதாலகால மலையுச்சியில், 2500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்தது. அம்மலைக்கும் எங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பகுதி இடையில் மறிக்க ஏதுமற்ற சமவெளியும் கடலும்.

பூமியின் வளைவைக் கணக்கிட்டால் அந்த அலைகள் எங்கள் கூரைக்கு எட்டியிருக்கக் கூடாது. ஆனால் கடல்மேல் படிந்த ஈரக்காற்றின் மீது வெப்பமான வறண்ட காற்று போர்வைபோல் விரியும் நாட்களில், அலைகள் மேலே தப்பிப்போகாமல் வளைந்து, கடற்பரப்பை ஒட்டியே தவழ்ந்து வரும். காற்று அடங்கிய கோடை இரவுகளில் படம் கண்ணாடிபோல் தெளிந்ததற்கும், மழைக்காலத்தில் திரை முழுக்கக் 'கொசு' பறந்ததற்கும் இதுவே காரணம். இதை அன்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. "இன்னைக்கு கடல் நல்லா இருக்கு, படம் வரும்" என்று சொன்ன கிழவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

எங்கள் வீட்டில் கம்பம் ஏறியது 1983இன் கோடையில். தண்ணீர்க் குழாய்க்கான இரும்புப் பைப்புகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று செருகி, சுவரில் பட்டை அடித்து நிறுத்தினார்கள். மூன்று பக்கமும் இழுவைக் கம்பி. ஒன்று புளியமரத்தில், ஒன்று மாட்டுக்கொட்டகைத் தூணில், ஒன்று மண்ணில் அறைந்த முளையில். பக்கத்து ஊரில் ஒருவர் செலவைக் குறைக்கப் பனையின் உச்சியிலேயே ஆண்டெனாவைக் கட்டினார்; பனை அசையும்போதெல்லாம் அவர் வீட்டுத் திரையில் ஆட்கள் வந்து வந்து மறைந்தார்கள். கம்பி மாட்ட வந்தவர் அளவு நாடா வைத்திருக்கவில்லை. குழாய்களைச் சாணால் அளந்தார். பின்னால் நீளமான ஒன்று, நடுவில் வயர் இணையும் மடித்த குழாய், முன்னால் குறைந்துகொண்டே செல்லும் பல. இந்த அமைப்பு 1926இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்னும் இருவரால் உலகுக்கு அறிமுகமானது. சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைப்பற்றிய பிரிட்டிஷ் ராடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல்லைக் கண்ட ஜப்பானியப் படையினர், அது தங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்பதை ஒரு போர்க்கைதி சொல்லித்தான் அறிந்தார்களாம். பீதுறுதாலகாலவின் நிலையமும் ஜப்பானியக் கொடை, எங்கள் கூரையின் மீன்முள்ளும் ஜப்பானியச் சிந்தனை என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சித்தப்பா கூரையில் நின்று கம்பத்தைத் திருப்பினார். அப்பத்தா வாசலில், நாங்கள் பெட்டியின் முன்னால். "வருதா?" "இல்ல சித்தப்பா." "இப்ப?" "ஆளு தெரியுது, தலை ரெண்டா இருக்கு." குரல்களின் இந்த அஞ்சல், நிலையத்தின் அஞ்சலைவிட நீண்டது. மாலையில் தொடங்கியது, இருட்டிய பின்னரே முடிந்தது. நான்கு நாட்டு ஓடுகள் உடைந்தன. இறுதியில் திரையில் ஒரு பெண் தோன்றிச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். தெருவே கைதட்டியது.

அந்த மொழி எங்களுக்குத் தெரியாது. தெரியாததை ஒரு குறையாகவும் நாங்கள் எண்ணவில்லை. ஆங்கிலத் தொடர்கள் வந்தன, கிரிக்கெட் வந்தது, அவ்வப்போது தமிழ்ப் படமும் வந்தது. எல்லாவற்றையும்விடத் தமிழ்ச் செய்தி வந்தது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களிடம் செவியைப் பழக்கியிருந்த எங்கள் தலைமுறைக்கு அந்தத் தமிழ் அந்நியமே அல்ல. முகம் காணாமல் கேட்ட உச்சரிப்புக்கு இப்போது முகம் கிடைத்தது, அவ்வளவுதான்.

கம்பம் ஏறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படையினர் மீது தாக்குதல் நடந்தது. மறுநாள் முதல் கொழும்பு எரிந்தது. ஜெயவர்த்தனா 28ஆம் தேதி தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் அதில் இல்லை என்பதைப் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள். அந்த உரை எங்கள் தெருவில் தெளிவாக வந்தது என்று சிலரும், அன்று வெறும் கொசுதான் என்று சிலரும் இன்றும் வாதிடுகிறார்கள். எங்களுக்கே நினைவு இரண்டாக இருக்கிறது. மறக்க முடியாதது அதற்குப் பிந்திய வாரங்கள்தான். இராமேசுவரக் கரையில் படகுகள் வந்திறங்கின. முன்பு தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பும் இடைத்தங்கலாக இருந்த மண்டபம் முகாம், அங்கிருந்து ஓடிவந்தவர்களின் இருப்பிடமாயிற்று. பகலில் முகாமுக்கு அரிசியும் பழந்துணியும் திரட்டிக் கொடுத்தவர்கள், இரவில் அதே நாட்டு அரசின் ஒளிபரப்பில் ஆட்டம் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். இதை மறைத்து எழுதுவதில் பொருளில்லை.

ஒரு மாலை, முகாமிலிருந்து அப்பத்தாவைப் பார்க்க வந்திருந்த மூதாட்டி ஒருவர் திரையைச் சிறிது நேரம் பார்த்தார். நிலையத்தின் முத்திரை தோன்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நிப்பாட்டுங்கோ பிள்ளையள்" என்றார். சித்தப்பா எழுந்து அணைத்தார். அன்று மறுபடி போடவில்லை. மறுநாள் போட்டோம்.

இந்தியாவில் 1984இல் நாளுக்கொரு நிலையம் என்று பேசப்படும் வேகத்தில் அஞ்சல் நிலையங்கள் முளைத்தன. எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையிலிருந்தும் ஒளிபரப்பு வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை இராமாயணம் என்று ஊர் மாறியது. தொழில்நுட்பத்தைவிட நிலவியலே இங்கு விந்தையானது. எங்கள் ஊரிலிருந்து பீதுறுதாலகால தென்கிழக்கு, கொடைக்கானலோ வடமேற்கு. அந்த ஆண்டுகளில் வீடு வீடாகக் கம்பங்களை ஏறக்குறையப் பாதிவட்டம் திருப்பினார்கள். சிலர் இரு ஆண்டெனாக்களையும் ஒரே கம்பத்தில் எதிரெதிராக மாட்டினார்கள். கிரிக்கெட்டுக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் ஒன்று. கடலுக்கு அப்பால், ரூபவாகினியின் கொக்காவில் அஞ்சல் நிலையத்தைக் காத்துநின்ற இராணுவ முகாம் 1990 ஜூலையில் புலிகளிடம் வீழ்ந்தது. அங்கு புதிய கோபுரம் எழுந்து திறக்கப்பட்டது 2011இல். அதற்குள் எங்கள் கூரைகளில் வட்டக் குடைகள் வந்துவிட்டிருந்தன.

தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022க்குள் நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டுக் கம்பம் இன்னும் நிற்கிறது. முன் குழாய்களில் மூன்று உதிர்ந்துவிட்டன, இழுவைக் கம்பி ஒன்றில் துணி காய்கிறது. அதைத் திருப்பியது எந்த ஆண்டு என்று சித்தப்பாவிடம் கேட்டோம். நினைவில்லை என்றார். முதல் நாள் உடைந்த ஓடுகள் நான்கு அல்ல, ஆறு என்று மட்டும் திருத்தினார்.