ஆறு மனுக்களும் 1938-ஆம் வருஷத்துச் சட்டமும்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் அன்று குறைதீர்க்கும் நாள். காசிதர்மத்திலிருந்து வந்திருந்த ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அந்த வளாகத்திலேயே தீப்பிடித்து, நாலு பேருமே பிழைக்கவில்லை. வாங்கிய கடன் 1.45 லட்சம், கட்டியது 2.34 லட்சம், அதற்கு மேலும் கேட்டு மிரட்டல், ஏற்கெனவே 6 முறை மனு கொடுத்தாச்சு. அப்போது செய்திகளில் வந்த கணக்கு இது.

கந்துவட்டியின் கொடூரத்தைப் பற்றி நிறையப் பேசியாச்சு. எனக்கு இருந்த கேள்வி வேறு: கையில் காசில்லாத ஒரு தகப்பனுக்குக் கடனிலிருந்து வெளியே வரச் சட்டம் என்ன வழி வைத்திருந்தது? அதைத் தேடப் போய் 1938-ல் நின்றேன்.

1930-களின் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் மட்டும் பழைய விலையிலேயே நின்றது. ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இதில் துணிச்சலாகக் கை வைத்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களா? 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி மொத்தமும் ரத்து. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது, அசல் உட்பட. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய ‘தாம்துபத்’ வழக்கத்தின் சாயல் இது. 1932-க்குப் பிந்தைய கடன்களுக்கு, சட்டம் வந்த நாள் வரை அதிகபட்சம் 5 சதவீதத் தனிவட்டி.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.45 லட்சத்துக்கு 5 சதவீதம்னா வருஷத்துக்கு 7,250 ரூபாய். நூற்றுக்கு மாசம் பத்து என்கிற கந்துவட்டியில் ஒரே மாச வட்டி 14,500! இரண்டு மடங்கு விதிப்படி பார்த்தால் 2.90 லட்சம் வரணும், காசிதர்மத்துக்காரர் கட்டியது அதற்கு 56,000 குறைவு. சரி, அந்தச் சட்டம் அவரைப் போன்றவருக்குப் பொருந்தியிருக்குமா என்பதே சந்தேகம்தான். ‘விவசாயி’ என்பதற்கு அதில் உள்ள விளக்கம் நிலத்தில் உரிமை உள்ளவனை வைத்து எழுதப்பட்டது. விற்கக்கூடிய பாத்தியதையோ குத்தகையோ வேணும். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள், நிலமில்லாத கூலிகள் எல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளியே. வயலில் பாத்தியதையோ குத்தகையோ உள்ளவருக்குத்தான் நிவாரணம்.

2003-ல் வந்த சட்டத்தில் அந்த வேலி இல்லை. ‘தளபதி’ படத்தைத் தயாரித்த ஜி. வெங்கடேஸ்வரன் அந்த மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். கடன் நெருக்கடிதான் காரணம் என்று பேசப்பட்டது. உடனே ஜெயலலிதா அரசு அதீத வட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம்ம தெருப் பேச்சே சட்டத்தில் ஏறியது. (தண்டல் தெரியாதவர்களுக்கு: 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள். வருஷக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும்.) 3 வருஷம் வரை ஜெயில், 30,000 வரை அபராதம். நிலம் இருக்கா இல்லையான்னு கேட்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் இதில் உண்டு. அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் கடன் வாங்கியவர் நேரே கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியச் சொல்லி மனுப் போடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கட்டுவதற்குக் கையில் பணம் வேணும். இதுவரை கட்டியதற்குச் சீட்டும் வேணும். கந்துவட்டிக்காரர் எங்கே ரசீது கொடுக்கிறார்? அவர் கையில் கையெழுத்துப் போட்ட வெற்றுப் புரோநோட்டும் தேதி போடாத செக்கும் இருக்கும். இவர் கையில் ஒன்றும் இருக்காது. பீடி சுற்றும் அம்மாவோ கொத்தனார் கையாளோ இந்த நிலையில் வக்கீலைத் தேடிப் போவதில்லை, கலெக்டரைத் தேடிப் போகிறார்கள். அங்கே கொடுத்த மனு பெரும்பாலும் சுற்றிக்கொண்டு உள்ளூர் ஸ்டேஷனுக்கே வரும். அங்கே நடப்பது பல நேரம் விசாரணை இல்லை, பேச்சுவார்த்தை. ஒரு தரப்பிடம் பத்திரம், மறு தரப்பிடம் வாய்வார்த்தை என்றால் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

2022-ல் போலீஸ் ‘ஆபரேஷன் கந்துவட்டி’ நடத்தியது. 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்தது. காசிதர்மம் 2019-லிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொக்கிரகுளத்தில் உடனே மாறியது வாசல்தான். மனு கொடுக்க வருபவர்களின் பையைத் திறந்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்.