பெயர் பிழைத்தது, மூலம் மறைந்தது: சிஃபி வழக்கின் வரலாற்றுப் பாடம்

அல்வாலுக்குத் தெற்கே அமைந்த செகந்திராபாதும் அதன் இரட்டை நகரான ஹைதராபாதும் இந்திய வணிகச் சின்னச் சட்ட வரலாற்றில் தனியிடம் பெறுகின்றன. 1987இல் இங்குத் தோன்றிய சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ், 1995இல் சத்யம் இன்ஃபோவே என்னும் துணை நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையிலிருந்து இயங்கிய அந்நிறுவனம், தன் பெயரின் கூறுகளைக் கோத்து 'சிஃபி' என்ற புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டது; 1999இல் அச்சொல்லைக் கொண்ட இணையப் பெயர்களைப் பதிவு செய்தது.

2001இல் வேறொரு நிறுவனம் 'சிஃபிநெட்' என்று ஒலிக்கும் இணையப் பெயர்களுடன் களமிறங்கியது. எழுத்தில் ஒன்று மட்டும் கூடுதல், செவிக்கோ வேறுபாடில்லை. தன் நிறுவனர் ஐவரின் முதலெழுத்துகளே அப்பெயர் என்பது அதன் விளக்கம். பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தடையாணையை மீட்டளித்தது.

சிக்கலின் வேர் சட்டத்தின் மௌனத்தில் இருந்தது. 1940, 1958, 1999 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எவையும் இணையப் பெயரைக் குறித்துப் பேசவில்லை. வணிகச் சின்னத்தின் காப்பு நாட்டெல்லைக்கு உட்பட்டது. வெவ்வேறு சரக்குகளுக்கு ஒரே பெயரை இருவர் கொண்டிருக்கவும் இயலும். இணையப் பெயரோ உலகம் முழுவதற்கும் ஒன்றே. எனவே முகவரியாகப் பிறந்த அது வணிக அடையாளமாகவும் வளர்ந்துவிட்டது என நீதிமன்றம் கண்டது. ஒருவர் ஈட்டிய நற்பெயரை மற்றவர் தமதாகக் காட்டி விற்கலாகாது என்னும் பழைய பொதுச்சட்டக் கோட்பாட்டை அதற்கும் பொருத்தியது. புதிதாக உருவான ஊடகத்துக்கு நூற்றாண்டுப் பழமை கொண்ட கோட்பாடே துணை நின்றது.

இக்கோட்பாட்டுக்குப் பதிவுச் சான்றிதழ் கட்டாயமன்று. நீண்டகாலப் பயன்பாட்டால் நற்பெயர் பெற்ற அல்வால் கடைவீதியின் சிறுவணிகரும் இதை நாடலாம். ஆயினும் நற்பெயரை மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. கணக்குப் புத்தகமும் விளம்பரமும் வாடிக்கையாளர் சாட்சியமுமே அவருக்குப் படைக்கலன். பதிவு பெற்றவருக்கு அச்சுமை பெரிதும் குறையும்.

வரலாறு இத்துடன் நிற்கவில்லை. 2005இல் சத்யம், சிஃபியில் தனக்கிருந்த பங்குகளை விற்று விலகியது. 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பல்லாயிரம் கோடி ரூபாய் பொய்யாகக் காட்டப்பட்டதை ஒப்புக்கொண்டார். நிறுவனத்தை வாங்கிய டெக் மகிந்திரா அதை முதலில் 'மகிந்திரா சத்யம்' ஆக்கியது. 2013இல் இணைப்பு நிறைவுற்றபோது 'சத்யம்' என்ற சொல் பெயரிலிருந்தே மறைந்தது. அதன் முன்னெழுத்தில் பிறந்த சிஃபி இன்றும் நிலைக்கிறது.

பிறர் கையாடுவதிலிருந்து ஒரு பெயரைச் சட்டம் காக்கும். உரியவரே அதன் மதிப்பை அழிக்கும்போது அதற்குக் காப்பில்லை.