கம்பளி உடையின் சுருக்கமும் தையற்காரரின் ஈரத்துணியும்

ஆடையின் சுருக்கத்தை நீக்கும் தொழிலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் இரண்டு மேனாட்டாரிடமிருந்து வந்தவை. தமிழகத்தார் கூறும் 'இஸ்திரி' என்னுஞ் சொல், இழுத்து நீட்டுதலைக் குறிக்கும் போர்த்துக்கேய வினையடியாகப் பிறந்தது என்பர். ஈழத்து வழக்காகிய 'ஸ்திரிக்கை'யோ 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகின்றது. அம்மொழியில் அதன் வினையடி தடவுதலைக் குறிக்கும். ஒன்று நீட்டுதல், மற்றொன்று தடவுதல். அழுத்துதல் என்னும் பொருள் இரண்டிலும் முதன்மை பெறவில்லை. ஆயினும் சுருக்கம் நீங்குவதற்கு இரும்பின் நிறையும் நெருப்பின் சூடுமே காரணம் என்று பொதுமக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். கம்பளியாலான கோட்டையும் காற்சட்டையையும் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதியே உண்மையாகும்.

நீட்டுதலின் பழமைக்குச் சீன நாட்டில் ஓர் அரிய சான்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஹுயிசோங் மன்னருடையதாகக் கூறப்படும் ஓவியச் சுருள் ஒன்று இன்று பொஸ்ரன் நகர நூதனசாலையில் உள்ளது. அதில் அரண்மனைப் பெண்டிர் பட்டுத்துணியின் இரு முனைகளையும் பற்றி இழுத்து நிற்க, வேறொருத்தி தணல் நிரம்பிய அகப்பை போன்ற கலத்தை அதன்மேற் செலுத்துகின்றாள். துணியைத் தாங்குதற்குக் கீழே பலகை எதுவும் இல்லை. கைகளின் இழுவையே அங்குப் பலகையாயிற்று.

ஐரோப்பாவில் வளர்ந்த முறை வேறு. கனத்த இரும்புக் கட்டியை அடுப்பிலே காய்ச்சி, ஆறுமுன் துணிமேல் தேய்ப்பர். ஆறியபின் மற்றொன்றை எடுப்பர். ஆங்கிலத்தில் அதற்கிட்ட பெயரில் இன்று துயரம் எனப் பொருள்படும் சொல் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் கனத்தையே குறித்தது. நாள் முழுதும் அதனைத் தூக்கிய பெண்களுக்குப் புதிய பொருளும் பொருந்தாமற் போகாது. இரும்புப் பிடி கையைச் சுட்ட குறையை 1871இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மேரி புளோரன்ஸ் பொட்ஸ் என்னும் இளம்பெண் தீர்த்தார். கழற்றி மாட்டத்தக்க மரப்பிடிக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஒரே பிடி குளிர்ந்தபடி இருக்க, இரும்புகள் மாத்திரம் அடுப்பிற் கிடந்தன.

பருத்திக்கு இவ்வளவும் போதும். கம்பளிக்கோ போதாது. காய்ந்த கம்பளிமேற் காய்ந்த இரும்பை வைத்தால் இழைகள் நசுங்கித் துணி பளபளக்கும். சூடு மிகுந்தாற் கருகும். கறுப்புக் கோட்டணிந்த நியாயவாதிகள் பலர் இப்பளபளப்பை நன்கறிவர். இலண்டனிலும் பிற நகரங்களிலும் இருந்த தையற்காரர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். அவர்களது இரும்பு, வாத்தின் கழுத்தைப் போல வளைந்த பிடியையுடையது. பத்து இறாத்தலுக்கு மேலும் நிறுக்கும். எனினும் அதனைக் கோட்டின்மேல் நேரே வைப்பதில்லை. நனைத்துப் பிழிந்த துணியொன்றை இடையில் விரித்து அதன்மேலேயே வைப்பர். எழும் ஆவி கம்பளிக்குட் புகும். பின்னர்த் துணியை நீக்கி, ஆவி அடங்கி ஆறும்வரை அவ்விடத்தை அசையாது விடுவர். ஆறுமுன் எடுத்தாற் சுருக்கம் மீளும் என்பது மாணாக்கன் தொழில் பழகும்போதே பெறும் பாடம். சுருக்கம் நீக்குவதோடும் இக்கலை நில்லாது. மார்பிலும் தோளிலும் தட்டையான துணியை உடலின் வளைவுக்கேற்பச் சுருங்கவும் நீளவும் செய்வதும் இந்த ஆவியே.

இத்தொழிலை இயந்திரமாக்கியவரும் ஒரு தையற்காரரே. நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் அடொன் ஹொப்மன் என்பவர் 1905ஆம் ஆண்டளவில் இரு பலகைகளுக்கிடையே ஆடையை வைத்து ஆவி செலுத்தும் பொறியை அமைத்தார். மின்சார இரும்பின் கதை வேறு. ஹென்றி சீலி 1882 யூன் மாதத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் நியூயோர்க் மின்நிலையமோ அவ்வாண்டு செப்டெம்பரிலேயே இயங்கத் தொடங்கியது. வீடுகளில் மின்சாரம் இல்லாத காலத்துக் கருவி அது. அதற்கும் நெடுங்காலம் சூடே நோக்கமாயிருந்தது. ஆவி கக்கும் மின்னிரும்பு 1926இலேதான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தையற்காரரின் ஈரத்துணியைக் கருவி செய்வோர் கவனிக்க இத்துணைக் காலம் சென்றமை வியப்பிற்குரியது.

ஈரம் ஏன் வேண்டும் என்னும் வினாவிற்கு விடை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திற் கிடைத்தது. 1928இல் அங்குச் சென்ற வில்லியம் அஸ்பெரி கம்பளி இழையினூடே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார். இயல்பான இழை ஒருவகைப் படத்தைத் தந்தது. ஈரத்தோடு இழுத்து நீட்டிய இழை முற்றும் வேறான படத்தைத் தந்தது. கெரற்றின் எனப்படும் புரதத்தின் நீண்ட மூலக்கூறுகள் மடிந்து கிடப்பதும், இழுக்கும்போது விரிவதும் இதனாற் புலனாயின. மடிப்பின் வடிவம் பற்றி அவர் கொண்ட கருத்து 1951இல் லைனஸ் போலிங்கினால் திருத்தப்பட்டதாயினும் அடிப்படை நிலைத்தது. அம்மூலக்கூறுகளைத் தம்முட் பிணைத்து நிற்பவற்றுள் ஐதரசன் பிணைப்புகள் எளிதில் நீராற் கலைவன. கம்பளி தன் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உட்கொள்ள வல்லது. ஈரம் புகுந்ததும் பிணைப்புகள் நெகிழ்கின்றன, இழை இளகுகின்றது, உலர்ந்து ஆறும்போது கிடந்த வடிவிலேயே மீண்டும் பிணைகின்றது. மாணாக்கனைப் பொறுத்திருக்கச் செய்த விதியின் காரணம் இதுவே.

கந்தகப் பிணைப்புகளோ நீருக்கு எளிதில் அசையா. அவுஸ்திரேலிய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆதர் பாண்வேர்த் 1957இல் அவற்றையும் வென்றார். பெண்கள் கூந்தலை நிலையாகச் சுருட்டுதற்கு வழங்கிய இரசாயனப் பொருளைக் காற்சட்டையின் மடிப்பிலே தெளித்து, ஆவியால் அழுத்தினார். மழையில் நனைந்தும் அம்மடிப்பு அழியவில்லை.

ஆயினும் பயணப் பெட்டியிலிருந்து எடுத்த கோட்டுக்கு இரசாயனம் வேண்டுவதில்லை. கொதிநீரின் ஆவி நிறைந்த குளியலறையில் அதனை அகன்ற தாங்கியில் தொங்கவிட்டுப் பின்னர்க் காற்றோட்டத்தில் உலரவிட்டாற் சிறு சுருக்கங்கள் தாமே தளரும். துணியின் சொந்த நிறையே அங்கு இரும்பாகின்றது.