ஒருநாள் வருகையும் நிலைபெற்ற அவையும்: சென்னையில் குவாண்டம் இயற்பியலாளர் கூடுகைகள் (1928–1962)

ஆய்வுச்சுருக்கம்

குவாண்டம் கோட்பாட்டின் தொடக்க காலத்தில் அறிஞர் கூடுகைகள் பெரும்பங்கு வகித்தன. அக்கோட்பாட்டை உருவாக்கியவர்களுள் மூவர் 1928, 1929, 1960 ஆகிய ஆண்டுகளில் சென்னைக்கு வந்தனர். முதல் இரு வருகைகள் ஒரு மாணவரின் ஆய்வை வளர்த்தன. ஆயினும் அவரை இங்கு நிறுத்தவில்லை. மூன்றாவது வருகைக்குப்பின் ஓர் ஆய்வு நிறுவனம் எழுந்தது. இவ்வேறுபாட்டிற்கான காரணம் வந்தவரிடம் இல்லை, வரவேற்ற அவையின் அமைப்பில் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குவாண்டம் கோட்பாடு, சால்வே மாநாடு, மாநிலக் கல்லூரி, சந்திரசேகர், ஏகாம்ர நிவாஸ், அல்லாடி இராமகிருஷ்ணன், கடிகை.

முன்னுரை

1927 அக்டோபர் 24 முதல் 29 வரை பிரசல்ஸ் நகரில் ஐந்தாம் சால்வே மாநாடு நடைபெற்றது. ‘எலெக்ட்ரான்களும் ஃபோட்டான்களும்’ என்பது அதன் பொருள். லோரென்ஸ் தலைமை தாங்கினார். கலந்துகொண்ட 29 பேருள் 17 பேர் நோபல் பரிசு பெற்றவர்கள் அல்லது பின்னர்ப் பெற்றவர்கள். ஐன்ஸ்டைன் எழுப்பிய ஐயங்களுக்கு நீல்ஸ் போர் விடை கூறிய உரையாடல் இம்மாநாட்டில்தான் தொடங்கியது. அமர்வுகளில் மட்டுமன்றி, விடுதியின் உணவு மேசையிலும் அது தொடர்ந்தது.

இம்மாநாட்டின் புகழ்பெற்ற நிழற்படத்தைக் கொண்டு, அறிவாளிகள் ஓரிடத்தில் கூடினாலே புதிய அறிவு பிறந்துவிடும் என்று எண்ணுவதற்கு இடமுண்டு. வரலாறு அவ்வளவு எளிமையானது அன்று. 1911இல் எர்னஸ்ட் சால்வே என்னும் தொழிலதிபரின் பொருளுதவியால் தொடங்கிய வரிசையில் 1927ஆம் ஆண்டுக் கூட்டம் ஐந்தாவது. கோபன்ஹேகனில் 1921இல் திறக்கப்பட்ட போரின் ஆய்வகம், கோட்டிங்கன், மியூனிக் ஆகிய இடங்களில் ஆண்டு முழுதும் நடந்த கருத்தரங்குகளின் விளைச்சலே பிரசல்ஸில் ஆறு நாள்கள் விவாதிக்கப்பட்டது. மேலும் அக்கூட்டம் அழைக்கப்பட்டவர்க்கே உரியது. முதல் உலகப்போருக்குப்பின் 1921, 1924 மாநாடுகளில் ஜெர்மானிய அறிஞர்கள் விலக்கப்பட்டிருந்தனர். 1927இல் அழைக்கப்பட்டவர்களுள் இந்தியர் எவரும் இலர். ஃபோட்டான்களுக்கான புள்ளியியலை 1924இல் வகுத்த சத்யேந்திரநாத் போஸும் அவ்வரிசையில் இல்லை.

ஆகவே அறிஞர் கூடுகை ஒன்றை மதிப்பிட மூன்று வினாக்கள் தேவைப்படுகின்றன. அது தொடர்ந்து நடந்ததா? அதில் இளையவர் மறுத்துரைக்க இடமிருந்ததா? கூடியவர் கலைந்தபின் எஞ்சியது யாது? இவ்வினாக்களைச் சென்னையில் நிகழ்ந்த சந்திப்புகளுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஞ்சி காட்டும் அளவுகோல்

இவ்வினாக்கள் ஐரோப்பாவிலிருந்து இரவல் பெற்றவை அல்ல. தொண்டை மண்டலத்தின் தலைநகராகிய காஞ்சிபுரம் இவற்றுக்குப் பழைய சான்றுகளைத் தருகிறது. கடம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தம் ஆசிரியர் வீரசர்மனுடன் காஞ்சிக் கடிகைக்குக் கற்கச் சென்ற செய்தியைத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. இன்றைய கர்நாடகப் பகுதியிலிருந்து ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே தேடி வரும் அளவுக்கு அக்கடிகை பெயர் பெற்றிருந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரின் கொள்கைகளையும் கேட்ட மணிமேகலை, காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவைகளையும் போலிகளையும் கற்றபின்னரே துறவறத்தில் நிலைபெறுகிறாள். பல கொள்கைகளைக் கேட்பது ஒரு நிலை. அவற்றைச் சோதிக்கும் முறையை ஓரிடத்தில் தங்கிக் கற்பது அடுத்த நிலை என்னும் வரிசை இங்குக் கருதத்தக்கது.

கடிகை அனைவருக்கும் திறந்த அவையாக இருக்கவில்லை. வேதக் கல்வியை மையமாகக் கொண்ட அதன் வாயில் குறுகியது. அவ்வகையில் அதுவும் சால்வே மாநாட்டைப் போன்றதே. எனினும் ஒன்று தெளிவு: கடிகையின் காலத்தில் மாணவன் காஞ்சியை நோக்கி வந்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாணவன் இங்கிருந்து வெளியேறினான்.

1928, 1929: மாநிலக் கல்லூரியில் இரு சந்திப்புகள்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. இராமன் 1907இல் நிதித்துறைப் பணியேற்றுக் கல்கத்தா சென்றார். அங்குதான் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மியூனிக் பேராசிரியர் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு இந்தியாவுக்கு வந்தார். மாநிலக் கல்லூரியிலும் உரையாற்றினார். இராமனின் தமையனார் மகனாகிய சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) அப்போது அங்கு இளநிலை மாணவர். அணு அமைப்பு பற்றிய சாமர்ஃபெல்டின் நூலைத் தாமாகவே கற்றுத் தேர்ந்திருந்த அவர், நூலாசிரியரைத் தனியே சென்று சந்தித்தார்.

அந்நூலில் கற்ற குவாண்டம் கோட்பாடு பழையதாகிவிட்டது என்பதைச் சந்திரசேகர் நூலாசிரியரின் வாயாலேயே அறிந்தார். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோரின் பணிகள் இயற்பியலை மாற்றிவிட்டன என்று கூறிய சாமர்ஃபெல்டு, உலோகங்களில் எலெக்ட்ரான்களின் இயல்பு குறித்துப் புதிய ஃபெர்மி–டிராக் புள்ளியியல்வழித் தாம் எழுதிய, அன்று வெளிவராத கட்டுரையின் அச்சுப்படிகளையும் அவரிடம் கொடுத்தார். சந்திரசேகர் அப்புள்ளியியலைக் கற்று, காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபௌலர் வழியாக 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது.

1929 அக்டோபரில் வெர்னர் ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தார். அவரை உடனிருந்து கவனிக்கும் பொறுப்பு சந்திரசேகருக்குக் கிட்டியது. நகரைச் சுற்றிக் காட்டியபடியே தம் ஆய்வு குறித்து அவரிடம் உரையாடினார். நிச்சயமின்மைக் கோட்பாட்டை வெளியிட்டு ஈராண்டே ஆகியிருந்த ஹைசன்பர்க்குக்கு அப்போது வயது 27.

இச்சந்திப்புகளைச் சந்திரசேகரின் நினைவுகூரல்கள் வழியாகவே, குறிப்பாகக் காமேஷ்வர் வாலி எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே, நாம் அறிகிறோம். பயனடைந்தவரின் நினைவில் சந்திப்பு பெரிதாகத் தோன்றுவது இயல்பு. இருப்பினும் 1929ஆம் ஆண்டுக் கட்டுரை நினைவைச் சாராத சான்று. வருகைக்கும் ஆய்வுக்கும் இடையிலான தொடர்பை அது உறுதிசெய்கிறது.

முற்கூறிய மூன்று வினாக்களுக்கு இச்சந்திப்புகள் தரும் விடை யாது? மாணவர் வினவ இடமிருந்தது, ஆய்வுக்கட்டுரையும் எஞ்சியது. ஆனால் தொடர்ச்சி இல்லை. விருந்தினர் கப்பலேறியபின், புதிய இயற்பியலில் வாரந்தோறும் வாதிடத்தக்க குழு ஒன்று சந்திரசேகருக்குச் சென்னையில் இருக்கவில்லை. அவர் கட்டுரையைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதும், அரசின் உதவித்தொகை பெற்று 1930 ஜூலை 31இல் பம்பாயிலிருந்து புறப்பட்டதும் இதன் விளைவுகளே. அக்கடற்பயணத்தில்தான் ஃபௌலரின் வெண்குறுமீன் கோட்பாட்டுடன் சிறப்புச் சார்பியலை இணைத்து, அவ்விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கண்டார். சாமர்ஃபெல்டு அறிமுகப்படுத்திய அதே புள்ளியியல் அக்கணக்கின் அடிப்படையாக அமைந்தது.

அவை இருந்தும் குரல் எழாமை

தொடர்ச்சியுள்ள அவைகள் அனைத்தும் நீதியானவை என்று கொள்ளவும் இயலாது. சந்திரசேகர் 1932–33இல் போரின் கோபன்ஹேகன் ஆய்வகத்தில் சில மாதங்கள் தங்கினார். 1935 ஜனவரி 11இல் இலண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் நிறைவரம்பு குறித்து உரையாற்றியபோது, அக்காலத்தின் முதன்மை வானியற்பியலாளராகிய எடிங்டன் அம்முடிவை ஏளனத்தோடு மறுத்தார். போர், ரோசன்ஃபெல்டு, பௌலி ஆகியோர் சந்திரசேகரின் பக்கமே உண்மை இருப்பதாகத் தனிப்பட்ட முறையில் கருதினர். ஆனால் அவர்களுள் எவரும் வெளிப்படையாக எடிங்டனை எதிர்த்து எழுதவில்லை. 1937இல் சந்திரசேகர் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார்.

எனவே இரண்டாவது வினாவாகிய மறுத்துரைக்கும் உரிமை முதலாவதற்கு இளைத்ததன்று. அவையில் இடம் கிடைப்பது ஒன்று. அங்கு இளையவரின் சொல்லுக்கு எடை கிடைப்பது வேறு.

ஏகாம்ர நிவாஸ்: வீடே அவையாதல்

சென்னையில் தொடர்ச்சியுள்ள குழு ஒன்றை உருவாக்கியவர் அல்லாடி இராமகிருஷ்ணன் (1923–2008). அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகனாகிய இவர், பெங்களூரில் ஹோமி பாபாவிடம் ஆய்வைத் தொடங்கி, மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1957–58இல் ஓப்பன்ஹைமர் தலைமையிலிருந்த பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் தங்கினார். அங்கு அவரைக் கவர்ந்தது கட்டடமோ கருவியோ அன்று. நாள்தோறும் நிகழ்ந்த கருத்தரங்குகளும் அவற்றில் மூத்தவரும் இளையவரும் சமமாக வினவிய முறையுமே.

நாடு திரும்பியதும், மயிலாப்பூரில் தந்தையார் கட்டிய ஏகாம்ர நிவாஸ் என்னும் இல்லத்திலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். கிருஷ்ணசாமி ஐயரின் தந்தையார் பெயர் ஏகாம்ர சாஸ்திரி. ‘ஏகாம்ரம்’ என்பது ஒற்றை மாமரம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரத்தைக் குறிக்கும் அதே சொல் இவ்வில்லத்தின் பெயராக அமைந்தது. அங்கு மாணவர்கள் துகள் இயற்பியலின் அண்மைக் கட்டுரைகளைப் படித்து உரையாற்றினர். சென்னைக்கு வந்த அயல்நாட்டு அறிஞர்களும் அழைக்கப்பட்டனர். அப்துஸ் சலாம் அவர்களுள் ஒருவர்.

1960 ஜனவரியில் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது ஏகாம்ர நிவாஸ் மாணவர்களைச் சந்தித்து உரையாடினார். இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை எவை என்று செய்தியாளர்கள் கேட்டபோது, டிராம்பேயின் பெரிய அணுசக்தி அமைப்பையும் சென்னையின் இச்சிறு குழுவையும் குறிப்பிட்டார். இக்கூற்று ஆட்சியாளரின் கவனத்தை ஈர்த்தது. மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியம் முயற்சிக்குத் துணைநின்றார். 1961 அக்டோபரில் பிரதமர் நேரு சென்னையில் அம்மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3இல் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது.

போரின் பாராட்டே நிறுவனத்தைத் தந்தது என்று சொல்லும் வழக்கம் உண்டு. நிகழ்ச்சி வரிசை அதை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. போர் பாராட்டுவதற்குக் குழு ஒன்று முன்னரே இயங்கிக்கொண்டிருந்தது. 1928இல் சாமர்ஃபெல்டு ஒரு மாணவரைக் கண்டார். 1960இல் போர் ஓர் அவையைக் கண்டார். முன்னவர் கண்ட மாணவருக்கு வெளிநாட்டு வாய்ப்புக் கிடைத்தது. பின்னவர் கண்ட அவைக்கு உள்நாட்டில் இடம் கிடைத்தது. விடுதலைக்குப் பிந்திய அரசின் அறிவியல் ஆர்வம் இதற்குத் தேவையான சூழலைத் தந்தது என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் அரசு தாங்கிப் பிடிப்பதற்கு முன்னரே தாங்கத்தக்க ஒன்று உருவாகியிருக்க வேண்டும்.

தொடக்க விழா மாநிலக் கல்லூரியில் நடந்தது. நிறுவனத்தைத் தொடங்கிவைத்தவர் சந்திரசேகர். 33 ஆண்டுகளுக்குமுன் சாமர்ஃபெல்டின் உரையைக் கேட்டு, ஆய்வைத் தொடரக் கடல் கடந்தவர், இங்கேயே தங்கி ஆராய்வோருக்கான இடத்தைத் திறந்துவைத்தார். அந்நிறுவனம் பின்னர்த் தரமணியில் தனி வளாகம் பெற்றது. தொடக்க ஆண்டுகளின் கருத்தரங்கு உரைகள் பத்துத் தொகுதிகளாக வெளிநாட்டுப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டன.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, புகழ்பெற்ற அறிஞரின் வருகை ஆயத்தமான மாணவர் இருக்குமிடத்தில் ஒருநாளிலேயே பயன் தரும். ஆனால் அப்பயன் அம்மாணவரோடு வெளியேறிவிடும். இரண்டு, வருகைக்கு முன்பும் பின்பும் தொடரும் சிறு குழு, எளிய வீட்டுக் கூடத்தில் இயங்கினாலும், அப்பயனை ஊரில் நிறுத்த வல்லது. மூன்று, இடமும் தொடர்ச்சியும் மட்டும் போதா. 1935ஆம் ஆண்டு இலண்டன் கூட்டம் காட்டுவதுபோல, இளையவர் கூற்றுக்கு அறிந்தோர் வெளிப்படையாகத் துணைநில்லாத அவை உண்மையைக் காலந்தாழ்த்தும்.

கல்லூரிகளில் பன்னாட்டுக் கருத்தரங்குகள் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வரலாறு நமக்கு உடனடிப் பொருளுடையது. ஒருநாள் உரைக்கு வரும் அறிஞரின் பெயர் அழைப்பிதழில் இடம்பெறுகிறது. அவர் சென்ற மறுவாரம் அப்பொருள் குறித்துத் துறையில் யார் யாரோடு வாதிட்டனர் என்பது எங்கும் பதிவாவதில்லை. ஏகாம்ர நிவாஸின் பெருமை போர் அங்கு வந்த நாளில் மட்டும் இல்லை. அவர் வராத வாரங்களிலும் அங்குக் கருத்தரங்கு நடந்தது.