ஒரு நகரம், இரண்டு ஹாக்கி, ஏழு வீடுகள்



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் ஹாக்கிப் போட்டியைப் பற்றிப் போன மாதம் இரண்டு வரி எழுதியிருந்தேன். "சார், அறந்தாங்கியில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா?" என்று பழைய மாணவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். நமக்கு ஐஸ் என்றால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து வரும் மீன் பெட்டிக்குள் இருப்பது. அதன் மேல் சறுக்கிக்கொண்டு மட்டை பிடிப்பார்கள் என்பதை எனக்கே நாற்பது வயதுக்குமேல்தான் படத்தில் பார்க்க வாய்த்தது. எனவே விரிவாகவே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமை உள்ளவர்கள் படிக்கவும்.

எங்கள் வீட்டில் ஹாக்கிச் சண்டை தொடங்கியது 1975-இல். உலகக் கோப்பை அந்த ஆண்டு மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்தது. சித்தப்பா அப்போது ஈப்போவில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த காலம் அது. அப்பா இந்தியா பக்கம், சித்தப்பா மலேசியா பக்கம். சித்தப்பா சொன்ன காரணம் வலுவானது: மலேசிய அணியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பாலசிங்கம் என்று அணியில் இன்னும் தமிழர்கள். "உங்கள் அணியில் எத்தனை தமிழ்ப் பெயர்?" என்று ஏரோகிராமில் எழுதிக் கேட்டார். சென்னையைச் சேர்ந்த வி.ஜே. பிலிப்ஸ் இருக்கிறார் என்று அப்பா பதில் போட்டார். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் போட்டியே முடிந்துவிட்டது!

அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இந்தியா 1-2 என்று பின்தங்கியிருந்தது. மாற்று ஆட்டக்காரராக வந்த அஸ்லம் ஷேர் கான் கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு, பெனால்டி கார்னரைக் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொரு கோல். 3-2. இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பை நமக்கு வந்தது. ஆடவர் உலகக் கோப்பையில் இந்தியா வென்ற ஒரே கோப்பை இன்றுவரை அதுதான். சித்தப்பா மூன்று மாதம் கடிதம் போடவில்லை. பணம் மட்டும் வந்தது.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். இயற்கைப் புல்லில் பந்து துள்ளும், நிற்கும், திரும்பும். அதை மட்டையோடு ஒட்டவைத்து நெளிந்து போவது நம்மவர்களின் கலை. செயற்கைத் தரையில் பந்து சீறிக்கொண்டு போகும். ஓட்டமும் உடல்வலுவும் முன்னுக்கு வந்துவிட்டன. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஏதாவது ஒரு பதக்கத்தோடு திரும்பிய இந்தியா அன்று ஏழாவது இடத்துக்குப் போனது. தரை மாறியதுதான் ஒரே காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தத் தரையைப் போடவும் பராமரிக்கவும் ஆகும் செலவு, நம் நாட்டுப் பள்ளிகளை ஆட்டத்திலிருந்து மெல்ல வெளியேற்றியது என்பது உறுதி. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நம் நடுநிலைப் பள்ளியில் ஹாக்கி மட்டை கிடையாது. தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, ரப்பர் பந்தில் ஆடினீர்கள்.

இந்த மாண்ட்ரியல் நகரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்குச் சரியாக 101 ஆண்டுகளுக்கு முன், 1875 மார்ச் 3 அன்று, இதே நகரத்தின் விக்டோரியா சறுக்கு அரங்கில்தான் கூரைக்கடியில் நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. ஜேம்ஸ் கிரைட்டன் என்பவர் ஏற்பாடு செய்தார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து எகிறிப் பார்வையாளர் மேல் படக்கூடாது என்பதற்காகத் தட்டையான மரவட்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இன்று அதற்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. ஒரு அங்குலக் கனம், மூன்று அங்குல விட்டம். துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்குமுன் அதை உறைய வைக்கிறார்கள். கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர்தான் களத்தில். அந்த வேகத்தை யாராலும் தொடர்ந்து தாங்க முடியாது; ஆகவே ஒரு நிமிடம்கூட முழுதாக ஆடாமல் வெளியே போவதும் அடுத்தவர் குதித்து உள்ளே வருவதுமாக இருப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தைக்கடை போலத்தான் இருந்தது.

கனடாவில் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-இல் ஒரு வெள்ளிக் கோப்பையை அளித்தார். அதற்காகத்தான் இன்றும் என்.எச்.எல். என்ற வட அமெரிக்கச் சங்கத்தின் 32 அணிகள் அக்டோபர் முதல் ஜூன் வரை அடித்துக்கொள்கின்றன. நம் நாட்டிலும் கிட்டத்தட்ட இதே காலந்தான். கல்கத்தாவில் பெய்ட்டன் கோப்பை தொடங்கியது 1895-இல். ஒரே சாம்ராஜ்யத்தார் குளிர்நாட்டுக்கு ஒன்று, வெயில்நாட்டுக்கு ஒன்று என்று இரண்டு மட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கனடாவில் 'ஹாக்கி' என்று மட்டும் சொன்னால் பனியில் ஆடுவது. நம்முடையதை 'ஃபீல்டு ஹாக்கி' என்று அடைமொழி போட்டுத்தான் சொல்கிறார்கள். இது எனக்கு இன்னும் கோபம்தான்.

எங்கள் குடும்பத்துக்குள் பனி புகுந்தது தங்கை மகள் கல்யாணத்தோடு. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக் குடும்பம், வளர்ந்தது டொராண்டோ. 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போன ஈழத்தமிழர் கதை உங்களுக்குத் தெரியும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், உயிர்காக்கும் படகுகள் இரண்டில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். அப்படிக் கால் ஊன்றியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட முதல் விஷயங்களில் ஒன்று அந்த ஊர் ஹாக்கி. மருமகனும் அப்படித்தான். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்றால் உயிர். அந்த அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1967-இல். அவர் பிறப்பதற்கு வெகுமுன்பு. அண்ணன் மகன் மாண்ட்ரியலில் இருக்கிறான். அவன் அணியான கனேடியன்ஸ் 24 முறை வென்றது, கடைசியாக 1993-இல். அதற்குப்பின் 2025 வரை எந்தக் கனடா அணியும் வெல்லவில்லை என்று வையுங்கள். ஆனாலும் இருவரும் பேசுகிற பேச்சு இருக்கிறதே!

இப்படித்தான் போட்டி உண்டானது. ஏழு வீடுகள். அக்டோபரில் ஆளுக்கொரு அணி. ஈப்போவில் இருக்கும் சித்தப்பா மகன் எட்மண்டன். பின்லாந்தில் படிக்கும் பேத்தி என்.எச்.எல். வேண்டாம், பின்லாந்து தேசிய அணிதான் என்று அடம்பிடித்தாள். 2022 பீஜிங்கில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணி என்பதால் விட்டுக்கொடுத்தோம். எனக்குத் திருவுளச்சீட்டில் விழுந்தது புளோரிடா. கடற்கரை ஊருக்கு எதற்குப் பனி ஆட்டம் என்று முணுமுணுத்தேன். 2024, 2025 இரண்டு ஆண்டும் எட்மண்டனைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிவிட்டார்கள். கடைசி இடத்துக்கு வருபவர் ஒரு மாதம் குழுவில் காலை வணக்கப் படம் போடக்கூடாது என்பது தண்டனை. இதில் என் அண்ணியார் பட்ட துன்பம் சொல்லி முடியாது.

அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரை. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை; கையில் கைப்பேசியில் பனி ஆட்டம். ஆவுடையார்கோயில் பக்கத்திலிருந்துகொண்டு செய்யலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

குழுவில் தீராத வழக்கு ஒன்று உண்டு. 1980. பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் லேக் பிளாசிடில் கல்லூரி மாணவர்கள் நிறைந்த அமெரிக்க அணி, தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்த சோவியத் அணியை 4-3 என்று வென்றது. இன்றும் அதை அற்புதம் என்கிறார்கள். (அது இறுதிப் போட்டி அல்ல. இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் வென்றபிறகே தங்கம். பேத்திக்கு இதில் வருத்தம்.) ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்திருந்த நேரம். அதே காரணத்துக்காக அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பலமான ஹாக்கி அணிகளும் வரவில்லை. ஜூலை 29 அன்று சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை வென்றது. அதுவும் 4-3.

"ஆள் இல்லாத ஊரில் வாங்கிய தங்கம்" என்பது ஈப்போ வீட்டின் வாதம்; அப்பன் சொன்னதை மகன் சொல்கிறான். வராதவர்களை யாரும் தோற்கடிக்க முடியாது, அது உண்மை. ஆனால் 3-0 என்று முன்னிலை பெற்றபின் ஸ்பெயினின் யுவான் அமாத் தனியாளாக மூன்று கோல் போட்டுத் துரத்தினாரே, அந்தக் கடைசி நிமிடங்களை நின்று ஆடியவர்களுக்கு அது ஆளில்லாத ஊரா? என் தீர்ப்பு, தங்கம் தங்கம்தான். அதற்குப்பின் நமக்கு ஒலிம்பிக் ஹாக்கித் தங்கமே இல்லை; டோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம்.

இந்த ஆண்டு ஒரு மாற்றம். துபாயில் இருக்கும் அண்ணன் மகள் இந்தியாவையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கியதை அவள் எடுத்துப் போட்டாள். பெரும்பாலும் லடாக் பிள்ளைகள். உறைந்த குளத்தில் பழகியவர்கள். சிரிப்பு நின்றது. எட்டாவது அணியாகச் சேர்த்துக்கொண்டோம். புள்ளிக் கணக்கை எப்படிப் போடுவது என்பதில்தான் இன்னும் தகராறு. கணக்கு வாத்தியார்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.